ஹாரிக்கு வைத்த கொள்ளி

"வயிறு காணாது," என்றார் டொட் அன்ரி.

நான் கயிற்றால் ஒரு மனிதனைச் செய்திருந்தேன். தலை, கை, கால் எல்லாம் இருந்தன. பிளாக்டவுனில், மீன் கடைக்குப் பின்னால் இருந்த வளவில், புல்லின் மேல் அவனைக் கிடத்தியிருந்தோம். பக்கத்தில் குப்பை எரிக்கிற செங்கல் அடுப்பு. அந்தக் காலத்தில் சிட்னியில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே இலை எரிக்கும். காற்றுக் கெடுகிறது என்று பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். அதுவரை அது கெடவில்லை.

"ஹாரி உப்பிடி ஒல்லி இல்லை. போடு, இன்னும் போடு."

இன்னொரு பிடி கயிறு அவிழ்த்து வயிற்றில் சுற்றினேன்.

"காது?" என்று கேட்டார் லென். நல்ல வெயில். மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

"காது வேண்டாம். உயிரோட இருக்கேக்கையே அந்தாள் ஒண்டையும் காதில போட்டதில்லை," என்றார் அன்ரி.

ஹாரி அன்ரியின் கணவர். கடலில் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அன்றைக்குத்தான் எரிக்க ஆயத்தமானோம். மற்ற இடங்களில் ஆள் செத்தால் மறுநாள் எரிப்பார்கள். எங்களுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

கடலுக்குப் பயந்தவரின் மீன் கடை

போன வாரம் நான் சிட்னியில் கப்பலை விட்டு இறங்கியதை எழுதினேன். "இறங்கியது என்றால் ஓடியதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓடவில்லை. நடந்துதான் போனேன். ஓடினால் பிடிப்பார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பருத்தித்துறையில் மீன் பிடித்தேன். பிறகு சரக்குக் கப்பலில் குசினி வேலை, சமையல். இனி இந்தச் சென்மத்தில் கடலும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சிட்னியில் ரயில் ஏறினேன். காசுக்கு எட்டின தூரம் பிளாக்டவுன். இறங்கியதும் ஒரு கடை வாசலில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது. உள்ளே போனேன். மீன் பொரிக்கிற கடை.

கடைக்காரி டொட் அன்ரி. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. அவரும் கடலோரத்தில் இருந்தவர்தான். கடல் கண்ணில் படக் கூடாது, மணமும் எட்டக் கூடாது என்று இவ்வளவு தூரம் உள்ளே வந்து, மீன் கடை போட்டிருந்தார். வேறு தொழில் தெரியாது. தெரிந்த தொழில் விடாது.

"பெயர் என்ன?" என்று கேட்டார்.

"துரை."

"டோரியோ? நல்லது. அது நல்ல மீன்."

அதோடு என் பெயர் வைப்பு முடிந்தது.

டொட் என்று கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அன்ரி என்றேன்.

"நான் உன்ர தேப்பன்ர தங்கச்சி இல்லை."

"ஓம் அன்ரி."

விட்டுவிட்டார்.

அவர்கள் பேசியது இங்கிலீஷ்தான். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழும். விழுந்தபடி எழுதுகிறேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். தெரியாதவர்கள் பாடு சுகம்.

கடையில் இன்னொருவர் இருந்தார். லென். சம்பளம் இல்லை. அடுத்த தெருவில் ஒரு வாடகை அறை. காலையில் கடை திறக்க முன்னமே வந்து நிற்பார். மூட்டை தூக்குவார். பின்பக்கம் ஒரு கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு உரிப்பார். எண்ணெய்ச் சட்டி பழுதானால் திருத்துவார். மாலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். முதல் வாரம் நான் அவரைக் கடைக்கார அம்மாவின் புருசன் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கு எதையும் கேட்கிற பழக்கம் இல்லை.

பிறகுதான் தெரிந்தது. புருசன் கடலுக்கு அடியில் இருந்தார்.

சாம்பல் பூசிய படகு

லென் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது இது. ஒரு மூட்டைக் கிழங்குக்கு ஒரு துண்டுக் கதை வரும்.

'நோரா மே' என்பது வலை இழுக்கிற படகு. நீராவியில் ஓடும். நிலக்கரி தின்னும். ஹாரி அதற்குத் தலைவர். லென் உலைக்குக் கரி போடுகிறவர். இரண்டாம் உலகச் சண்டை வந்ததும் கடற்படைக்காரர் வந்து படகைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. அரசாங்கம் கேட்டது, கொடுத்த பிறகுதான் நமக்கு விளங்கும்.

ஏன் மீன் படகு என்று கேட்டேன். கடலடியில் கம்பி இழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானாம். இவ்வளவு நாளும் மீன் வாரினீர்கள், இனிக் கண்ணிவெடி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேலை ஒன்றுதான். மீன் வெடிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

படகுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். பெயரை அழித்து எண் போட்டார்கள். முன்னுக்கு ஒரு பீரங்கி வைத்தார்கள். அது முந்தின சண்டையில் மிஞ்சியது. ஹாரிக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். தொப்பிக்கு மேலே ஒரு அதிகாரியையும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு மீசை முளைக்கவில்லை. படகு ஏறிய அன்றே கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தது. சத்தி எடுத்துக்கொண்டே கட்டளை போட்டது.

பிறகு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடவும் அனுப்பினார்கள். நீர்மூழ்கி தண்ணீருக்குக் கீழே சத்தமில்லாமல் போகும். நோரா மே தண்ணீருக்கு மேலே கரும்புகை விட்டுக்கொண்டு போகும். யார் யாரைத் தேடுவது என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

யப்பான்காரன்தான் முதலில் கண்டுபிடித்தான். அதற்குப் பெரிய கெட்டித்தனம் வேண்டியதில்லை.

"டோர்ப்பிடோ அடிச்சவங்களோ?" என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

லென் கத்தியைக் கீழே வைத்தார். "இல்லை. மேல வந்து, ஆறுதலாப் பீரங்கியால சுட்டவங்கள். டோர்ப்பிடோ விடுற அளவுக்கு நாங்கள் பெறுமதி இல்லையாம்."

படகு போனது ஆறிவிட்டது. இந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை.

நோரா மேயின் பீரங்கி ஒருமுறை சுட்டது. பிறகு இறுகிவிட்டது. "அது முந்தின சண்டையிலேயே களைச்சுப் போச்சு," என்றார். லென்னும் வேறு இரண்டு பேரும் ஒரு மிதவையில் தொற்றிக்கொண்டார்கள். மறுநாள் ஒரு மீன் படகு வந்து தூக்கியது. மிகவும் உக்கிப்போனது, சண்டைக்கு உதவாது என்று கடற்படை கழித்துவிட்ட படகு.

ஏப்ரல் மாதத்தில் பழைய படைக்காரர் எல்லோரும் சிட்னியில் ஊர்வலம் போவார்கள். லென்னும் போவார். பெரிய போர்க்கப்பல்காரர் முன்னால், சின்னக் கப்பல்காரர் பின்னால். "உம்மட கப்பல் என்ன?" என்று பக்கத்தில் நிற்கிறவர் கேட்பாராம். "நோரா மே" என்றால், "அது மீன் படகல்லோ?" என்பாராம். அதனால் லென் ஊர்வலத்தின் கடைசியில், குப்பை அள்ளுகிற வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் நடப்பார்.

சரி, ஹாரி?

"சுக்கான் அறைக்குள்ள திரும்பிப் போனவர். போனதைக் கண்டனான். வெளியில வந்ததைக் காணேல்லை."

கரைக்கு வந்ததும் லென் இதையேதான் அன்ரியிடமும் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உண்மை சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டுமானால் லென்னைக் காட்டலாம்.

நம்புகிறவர்கள் நம்பட்டும்

அன்ரிக்குத் தந்தி வந்தது. ஹாரியைக் காணவில்லை, இறந்துவிட்டதாக நம்பப்படுகிறது என்று இருந்ததாம். அன்ரி அதை விளங்கிக்கொண்ட விதம் வேறு. அரசாங்கம் நம்புகிறது. நல்லது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

தேவாலயத்தில் பூசை வைத்தார்கள். கல்லில் பெயர் வெட்டினார்கள். அன்ரி போய்ப் பார்த்தார். "அது கல்லு. ஹாரி இல்லை," என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் நத்தார் முடிந்த கையோடு லென் கலியாணம் கேட்பார். ஒரு வருடம் நான் நேரில் பார்த்தேன். கிழங்கு உரித்து முடித்தார். கை கழுவினார். தொப்பியைக் கழற்றினார்.

"டொட், கலியாணம் செய்வமே?"

"நான் கலியாணம் முடிச்சவள், லென்."

"ஹாரி செத்துப் போனார்."

"நீ கண்டனியோ?"

"உள்ள போனதைக் கண்டனான்."

"சாகிறதைக் கண்டனியோ?"

"இல்லை."

"அப்ப போய் மற்ற மூட்டையை அவிழ்."

லென் போய் அவிழ்த்தார். 'கண்டனான்' என்று ஒரே ஒரு சொல் பொய்யாகச் சொல்லியிருந்தால் மனிதர் எப்போதோ மாப்பிள்ளை. சொல்லவில்லை. நல்ல மனிதர். அதாவது, கிழங்கு உரிக்கிற மனிதர்.

நான் சேர்ந்து சில வருடம் போனது. இடையில் ஒரு அரசாங்கம் வந்து, என்னைப் போன்றவர்களை மன்னித்து, இருக்கச் சொன்னது. லென்னுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தார். வந்த அன்றே சொன்னார்.

"தங்கச்சி மெல்பனில, ஸ்பிரிங்வேலில இருக்கிறாள். தனிய இருந்து சாகாதை, வா எண்டு எழுதியிருக்கிறாள். மாத முடிவில போறன், டொட்."

 அன்று அன்ரி பொரித்த மீனெல்லாம் கருகியது. ஒரு வாடிக்கைக்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். "இப்பிடித்தான் இனி," என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் என்னிடம் வந்தார்.

"டோரி, உங்கட ஊரில ஆக்கள் கடலில போறேல்லையோ?"

"போறவை."

"பிரேதம் வராட்டி என்ன செய்வியள்?"

"புல்லால ஆள் செய்து எரிப்பம்."

"புல்லாலயோ?"

"தருப்பைப் புல். ஒரு மனுசன் மாதிரிக் கட்டுவம். கட்டினாப் பிறகு அதுதான் ஆள். கொள்ளி வைப்பம். அழுவம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து சாம்பலைக் கடலில விடுவம். பேந்து ஆள் செத்ததுதான். ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது."

அன்ரி யோசித்தார். அன்றைக்கும் மீன் கருகியது.

"கல்லை விட இது பரவாயில்லை," என்றார். "கல்லு எரியாது."

லென்னிடம் சொன்னபோது அவர் பயந்தார். "இது கிறிஸ்தவம் இல்லையே, டொட்."

"நீ கடைசியா எப்ப கோயிலுக்குப் போனனி?"

லென் நினைத்துப் பார்த்தார். "கயிறு நான் கொண்டுவாறன்," என்றார்.

நார்த்மீட்டிலிருந்து ஒரு எஞ்சினியர்

சிட்னியில் அப்போது ஐயர் இல்லை. நார்த்மீட்டில் சிவபாதம் அங்கிள் இருந்தார். எஞ்சினியர். தேவாரம் தெரிந்தவர் என்று பேச்சு. அதுவரை நான் அவரைச் சந்தித்ததில்லை. கப்பலிலிருந்து இறங்கி மீன் பொரிக்கிற ஒருவன் இருக்கிறான் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால்தான் சந்திக்கவில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அங்கிள், இங்க ஒரு செத்த வீடு."

"ஐயோ. ஆர் தம்பி?"

"ஹாரி எண்டு ஒரு வெள்ளைக்காரர்."

"எப்ப நடந்தது?"

"யப்பான் சண்டையில."



"பிரேதம் எங்க, தம்பி?"

"நான் செய்துகொண்டிருக்கிறன் அங்கிள்."

உடனே வந்தார். வேடிக்கையும் புதினமும் பார்க்கிற ஆசைக்குப் படித்தவர், படியாதவர் என்றில்லை.

வந்து கயிற்று ஹாரியைச் சுற்றிப் பார்த்தார். அதற்குள் வயிறு வைத்து முடிந்துவிட்டது.

"தருப்பை இல்லாமல் கயித்தாலயோ? உது முறையில்லை."

நான் இங்கிலீஷில் சொன்னேன். அன்ரி, "ஹாரி புல்லோட சீவிக்கேல்லை. கயித்தோடதான் சீவிச்சவர்," என்றார்.

"சரி. கோத்திரம் என்ன?"

எந்த வழி ஆக்கள் என்று கேட்கிறார் என்று விளங்கப்படுத்தினேன்.

"லிவர்பூல்," என்றார் அன்ரி. "தேப்பன் வழியில."

சிவபாதம் அங்கிள் கண்ணை மூடித் திறந்தார். "சிவகோத்திரம் எண்டு வைப்பம். தெரியாத ஆக்களுக்கு அதுதான். கொள்ளி ஆர் வைக்கிறது? மகன் இருக்கோ?"

"இல்லை. அன்ரி வைப்பா."

"பொம்பிளையள் வைக்கிறேல்லைத் தம்பி."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அன்ரிக்கு விளங்கிவிட்டது.

"அவரிட்டைக் கேள், டோரி. இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டு இருந்தது ஆர் எண்டு கேள்."

அங்கிள் குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். "வைக்கட்டும்," என்றார்.

ஹாரியை அடுப்புக்குள் வைத்தோம். கால் நீளம். மடக்கித்தான் வைக்க முடிந்தது. அன்ரி நெருப்புக்குச்சியைக் கிழித்தார். எல்லோரும் மௌனமாக நின்றோம். எனக்கு மௌனமாக நிற்பது பிரச்சினையே இல்லை. அன்றைக்கு மட்டும் என்ன பேய் பிடித்ததோ, வாயைத் திறந்தேன்.

"எங்கட சித்தப்பாவுக்கும் இப்பிடித்தான் செய்தது. பேந்து அவர் திரும்பி வந்திட்டார்."

அன்ரியின் கையில் இருந்த குச்சி அணைந்தது.

செத்துப் பிறந்த சித்தப்பா

சித்தப்பா கடலுக்குப் போனார். காற்று அடித்தது. ஆளும் இல்லை, தோணியும் இல்லை. பார்த்துப் பார்த்து, தருப்பை எரித்து, அந்தியேட்டியும் முடித்து, ஊருக்குச் சோறும் போட்டாயிற்று. சாப்பிட்ட சனம் கலைய முன்னமே ஆள் நடந்து வருகிறது. வேதாரணியத்தில் ஒதுங்கியிருக்கிறார். அங்கே சாப்பாடு நன்றாக இருந்ததாம். படலையில் நின்று, "என்ன சனமா இருக்கு, ஆர் செத்தது?" என்று கேட்டார்.

"நீர்தான்," என்றார்கள்.

செத்தவர் சும்மா வீட்டுக்குள் வர முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். புதுப் பிள்ளைக்குச் செய்கிற எல்லாம் செய்து, திரும்பவும் பெயர் வைத்தார்கள். நாற்பது வயது. அதே பெயர்.

இவ்வளவையும் நான் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, இங்கிலீஷில், முழுவதும் சொன்னேன். ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. லென் பார்த்த பார்வையில், ஹாரியை வெளியே எடுத்துவிட்டு என்னை உள்ளே வைப்பார் போலிருந்தது.

"அப்ப, எரிச்சாலும் ஆள் வரலாம்," என்றார் அன்ரி மெதுவாக.

"வரலாம்." லென்னுக்கு இருந்த வருத்தம், உண்மை சொல்கிற வருத்தம், எனக்கும் ஒட்டியிருந்தது.

"வந்த நேரம் அவற்ர மனுசி என்ன செய்தவ?"

"விளக்குமாத்தை எடுத்தவ."

அன்ரி அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல மனுசி," என்றார். இன்னொரு குச்சியைக் கிழித்தார். "ஹாரி வந்தா வரட்டும். என்னட்டையும் ஒரு விளக்குமாறு இருக்கு. வருவார் எண்டதுக்காக ஒரு மனுசனை எரிக்காமலே வச்சிருக்கேலாது."

கொள்ளி வைத்தார்.

பழைய கப்பல் கயிறு. தார் ஊறினது. கரும்புகை எழும்பியது. சிவபாதம் அங்கிள் தேவாரம் பாடினார். அன்ரி அழுதார். வெள்ளைக்காரர் மெதுவாக அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பொய். பருத்தித்துறையில் இருந்து கேட்டிருக்கும். லென் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அன்ரிக்குப் பக்கத்தில் போகவும் தெரியாமல், தள்ளி நிற்கவும் தெரியாமல் நடுவில் நின்றார்.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலை தெரிந்தது. அவருடைய வெள்ளைத் துணியெல்லாம் கொடியில்.

"டொட்! என்னத்தை எரிக்கிறாய்?"

"என்ர மனுசனை!"

தலை மறைந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள்

துக்க வீட்டில் கடை திறக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். எட்டு நாளாவது பூட்ட வேண்டும். அந்தக் கடை அதற்கு முன்னர் வேலை நாளில் பூட்டினதே இல்லை. அன்ரி ஒரு மட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டார். 'என் கணவர் காலமானார். கடை பூட்டு.'

மறுநாள் காலை லென் வந்தார். கை கழுவினார். தொப்பியைக் கழற்றினார்.

"டொட், இப்ப?"

"லென், இவ்வளவு காலமும் நான் பெண்சாதி. நேற்றுத்தான் விதவை. கொஞ்ச நாள் விதவையா இருக்க விடு."

லென் என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாள்?"

பொய் சொல்லியிருக்கலாம். "வருசத் திவசம் எண்டு ஒண்டு இருக்கு," என்றேன்.

"ஒரு வருசமோ!"

"நான் வச்சதில்லை. சாத்திரம்."

"மாதம் முடிய நான் ரயில் ஏற வேணும்," என்றார் லென். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டார். குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்து கிழங்கு உரிக்கத் தொடங்கினார். கடை பூட்டு. யாருக்கு உரிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அன்ரி அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை.

அப்போது கதவு தட்டினார்கள்.

எதிர்ப்பக்க இறைச்சிக் கடைக்காரரின் மனைவி. கையில் ஒரு கேக். அழுது முகம் வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் தபால்காரர். பின்னால் இன்னும் இரண்டு பேர், பூவோடு.

"டொட், என்னால நம்பேலாமல் இருக்கு," என்று அந்தப் பெண் அன்ரியைக் கட்டிக்கொண்டார். "சனிக்கிழமை கூட மூட்டை தூக்கினதைக் கண்டனே. நெஞ்சு வருத்தம் எண்டு கேள்விப்பட்டனான்தான். ஆனா இப்பிடித் திடீரெண்டு."

"ஆர்?" என்றார் அன்ரி.

"லென்தான். என்ன நல்ல மனுசன். உன்னை விட்டு ஒரு நாள் அங்கால இங்கால போனதில்லை."

தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். பூங்கொத்தில் ஒரு சின்ன மட்டை குத்தியிருந்தது. அதிலும் லென்.

பிளாக்டவுன் அவர்கள் இருவருக்கும் எப்போதோ கலியாணம் செய்து வைத்துவிட்டது. இரண்டு பேருக்குச் சொல்ல மறந்துவிட்டது.

அன்ரி வாயைத் திறந்தார். ஹாரி, நோரா மே, யப்பான்காரன், கயிறு எல்லாம் வரப் போகிறது என்று நான் நினைத்தேன். வரவில்லை. கேக்கைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். லென் இல்லாத பிளாக்டவுன் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றது.  குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"லென்! வெளியில வா! நீ உயிரோட இருக்கிறதை இவைக்குக் காட்டு!"

லென் வந்தார். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பாதி உரித்த கிழங்கு. இறைச்சிக் கடைக்காரி அலறினார். பிறகு ஓடிப்போய் அவரைத் தொட்டுப் பார்த்தார்.

"டொட், உன்ர மனுசன் இருக்கிறாரே!"

லென் அன்ரியைப் பார்த்தார். திருத்தப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றார். பழக்கம்.

"ஓம்," என்றார் டொட் அன்ரி. "இருக்கிறார்."

ஸ்பிரிங்வேலுக்கு ஒருவரும் போகவில்லை. திவசத்துக்கும் ஒருவரும் காத்திருக்கவில்லை. செத்த வீட்டுக் கேக்கைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று அங்கேயே வெட்டினோம். செத்தவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.